நடுவுல நிக்காத கோபுரம்

மெயில்ல ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு. "நீங்க அனுப்புன பெட்டியில இருக்க கட்டடம் எங்க ஊர்ல இல்ல."

மாமா அதைத் திரும்பத் திரும்ப என்னைய வாசிக்கச் சொன்னாவ. எத்தன தடவ வாசிச்சாலும் அதே வரிதான். "ஏட்டி, போட்டோ அனுப்புனதே அந்தப் பொம்பளதான? இப்ப எங்க ஊர்ல இல்லங்கா. கட்டடத்த எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டானாமா?"

மாமா கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்காவ. எங்க ஊர்ல ஃபேக்டரிய ஆபீஸ்னுதான் சொல்லுவோம், உள்ள போய் ஏசி தேடாதீங்க. இத்தன வருசமா அடுத்தவன் லேபிளுக்குத்தான் பெட்டி போட்டுக் குடுத்தாவ. நடுவுல ஒரு ஏஜென்ட். அவன் காபி குடிச்சு, பேப்பர் படிச்சு, கொட்டாவி விட்டு முடிக்கிற வரைக்கும் மாமா அவன் வாசல்ல நிக்கணும். காலேஜ் முடிச்சிட்டு நான் வெட்டியா இருந்த நேரத்துல ஆபீஸுக்கு ஒரு வெப்சைட் போட்டு வச்சேன். அதுல வந்து மாட்டுனவதான் மார்லீன் மேடம். பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ்னு ஒரு ஊரு, அங்கன ஒரு பழைய பெரிய சதுக்கம், அதை ஒட்டுன சந்துல டூரிஸ்ட்டுங்களுக்குச் சாமான் விக்குற கடை. சதுக்கத்துல இருக்க டவுன்ஹால் படம் போட்ட தீப்பெட்டி வேணும்னாவ. ஏஜென்ட் இல்லாம மாமாவுக்கு வந்த முதல் ஆர்டர். பெட்டி பின்னால கோவில்பட்டினு இங்கிலீஷ்ல ஊர் பேரு, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் கொட்ட எழுத்துல. அது மாமாவோட ஆசை.

இது போச்சுன்னா மறுபடி அதே வாசல். அவனும் "என்ன அண்ணாச்சி, ஃபாரின் போன தீப்பெட்டி பத்துச்சா இல்லியா?"னு கேப்பான். அதான் மேட்டரு.

"நேர்ல போய் மூஞ்சியப் பாத்துப் பேசு"ன்னு என்னைய அனுப்பிட்டாவ. விசா, டிக்கெட் கதையெல்லாம் உங்களுக்கு எதுக்கு, விடுங்க.

ஆனா ஏர்போர்ட் கதைய விட முடியாது. தீப்பெட்டி ஃபிளைட்ல ஏத்தக் கூடாது, எனக்கே தெரியும். அதனால காலிப் பெட்டி மட்டும் ஒரு கவர்ல கொண்டு போனேன். செக்கிங்ல ஒரு சார் தொறந்து பாத்தாரு.

"குச்சி எங்க?"

"குச்சி இல்ல சார்."

"குச்சி இல்லாத தீப்பெட்டி எதுக்கும்மா?"

"காட்டிட்டு வரதுக்கு சார்."

"யார்ட்ட?"

"பெல்ஜியத்துல ஒரு அம்மாட்ட."

அவரு பக்கத்துல நின்ன அக்காவப் பாத்தாரு. அந்தக்கா ஒரு பெட்டிய எடுத்து மோந்து பாத்துச்சு. பக்கவாட்டுல உரசுற மருந்து பூசியிருக்கே, அதைச் சுரண்டவும் செஞ்சுச்சு. அப்புறம் ரெண்டு பேரும், இது ஆபத்தான பிள்ளையில்ல, கிறுக்குப் பிள்ளைன்னு முடிவு பண்ணி விட்டுட்டாவ.

பிரஸ்ஸல்ஸ்ல இறங்குனதும் மெட்ரோவுல பல்பு வாங்குனேன். அந்த ஊர்ல பிரெஞ்சு ஒரு கோஷ்டி, டச்சு ஒரு கோஷ்டி. அதனால ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ரெண்டு பேரு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. போன்ல ஒரு பேரு காட்டுது, போர்டுல முதல்ல இன்னொரு பேரு இருக்கு. நான் அது வேற ஸ்டாப்புனு உக்காந்தே இருந்தேன். ஊர் முடிஞ்சு மரமா வர ஆரம்பிச்சப்பதான் உறைச்சுது. எங்க பக்கம் நாகலாபுரத்துல என் ஃபிரெண்டு வீட்டுலயும் இப்படித்தான், அடுப்படியில தெலுங்கு, வாசல்ல தமிழ். ஆனா ஒரு பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பேருதான் வச்சிருக்கோம். அந்த அளவுக்கு நாங்க தெளிவு.

திரும்பி வந்து சேர சாயங்காலம் ஆயிட்டு. மார்லீன் மேடம் குள்ளமா, வெள்ள முடிய ஒட்ட வெட்டி, மூக்குல கண்ணாடி தொங்க கல்லாவுல உக்காந்திருந்தாவ. வணக்கம்கூடச் சரியா வாங்கல. ஒரு பெட்டிய எடுத்தாவ, "வா"ன்னாவ, விறுவிறுன்னு நடந்தாவ. சந்து திரும்புச்சு. டக்குன்னு வானம் தொறந்த மாதிரி அந்தச் சதுக்கம்.

சும்மா சொல்லக் கூடாது, செம எடம். தரை பூரா கருங்கல் பாவி, வண்டி கிண்டி எதுவும் கெடையாது. நாலு பக்கமும் ஒசர ஒசரமா ஒல்லி ஒல்லியா வீடுக, தோளோட தோள் இடிச்சு நிக்குது, நெத்தியில தங்கப் பூச்சு. ஒரு பக்கம் பூரா டவுன்ஹால். கல்லுல லேஸ் பின்னுன மாதிரி ஒரு கட்டடம், அதுக்கு மேல ஊசியா ஒரு கோபுரம், உச்சியில பேய மிதிச்சிக்கிட்டு வாளோட ஒரு தங்கச் சாமி. காத்தடிக்கிற பக்கம் சாமியும் திரும்புமாம்.

மேடம் பெட்டிய என் கண்ணுக்கு நேரா, கோபுரத்துக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிச்சாவ.

பெட்டியில கோபுரம் நட்ட நடுவுல நிக்குது. நெசத்துல நிக்கல. இடது பக்கம் கட்டடம் நீளமா ஓடுது, வலது பக்கம் பாதியிலயே முடிஞ்சிருச்சு. கோபுரம் வலப்பக்கமா ஒதுங்கி நிக்குது.

எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. சிவகாசி பிரஸ்ல லேபிள் டிசைன் போடுத சரவணன் அன்னைக்கே சொன்னான்: "அக்கா, போட்டோ எடுத்த ஆளு தள்ளி நின்னு எடுத்துட்டான், கோபுரம் ஒதுங்கிருச்சு. நான் கட்டடத்தோட இடது கைய அப்படியே காப்பி பண்ணி, திருப்பி வலது பக்கம் ஒட்டிச் சரி பண்ணிட்டேன்." மாமா "பய கெட்டிக்காரன்"னு அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தாவ. நானும் நல்லாருக்குன்னு தம்ஸ் அப் போட்டேன். தீப்பெட்டி லேபிள்ல படம் நடுவுல நிக்கணும், அது எங்க ஊர் சட்டம். சேவலோ, தாமரையோ, எதுனாலும் நடுவுல. ஷீட்டை வெட்டும்போது மிஷின் லேசா அங்கன இங்கன ஆடுனாலும் படத்துக்குச் சேதாரம் வராது. ஒரு ஊர் தன் கோபுரத்த வேணும்னே தள்ளிக் கட்டி வச்சிருக்கும்னு எவன் கண்டான்?

"டூரிஸ்ட்டுக்குத் தெரியாது மேடம்"னு சொல்லிப் பாத்தேன்.

"ஊர்க்காரங்களுக்குத் தெரியும். என் கடை முன்னாடி நின்னு சிரிப்பாங்க. புதுசா அடிச்சுக் குடு."

புதுசா அடிக்கிறதா! மொத்த ஷீட்டும் அச்சாகி ஆபீஸ்ல அட்டி அட்டியா அடுக்கிக் கெடக்கு. வெட்டி மடிக்க வேண்டியதுதான் பாக்கி. இன்னொரு தடவ அடிக்க மாமாவால முடியாது. அதைச் சொன்னேன். நீ ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு வழி சொல்லு, இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கேன்னு சொல்லிட்டு மேடம் கடையப் பூட்டப் போயிட்டாவ.

மறுநாள் காலையில இருந்து சதுக்கத்துலயே கெடந்தேன். பெட்டியக் காட்டி அபிப்ராயம் கேக்கலாம்னு பிளான். கொரியாவுல இருந்து வந்த ஒரு ஜோடி "சோ க்யூட்"னுச்சு. குஜராத் குடும்பம் ஒண்ணு பெட்டிய வாங்கிப் பாத்துட்டு, எவ்வளவுன்னு கேக்காமலேயே குறைச்சுக் கேட்டுச்சு. ஒருத்தரும் கோபுரத்தப் பத்தி மூச்சு விடல. எனக்குக் கெத்து ஏறிருச்சு.

மத்தியானம் பசி. சந்துல உருளைக்கிழங்கு பொரிக்கிற கடை. கிழங்க ஒரு தடவ பொரிச்சு எடுத்து ஆற வச்சு மறுபடியும் எண்ணெயில போடுதாவ. எங்க ஊர்ல இதைச் செஞ்சா பழைய பஜ்ஜினு சண்டைக்கு வருவான், இங்கன அதுதான் பெருமை. கூம்புப் பேப்பர்ல போட்டு, மேல வெள்ள மயோனைஸ ஒரு கரண்டி, குத்தித் திங்க சின்ன மரக்கரண்டி. நான் பையில சாத்தூர் காராச்சேவு வச்சிருந்தேன், அதை மேல தூவித் தின்னேன். கடைக்காரரு பாத்துட்டு எனக்குக் கொஞ்சம்னு கைய நீட்டுனாரு. சேவோட சேத்து பெட்டியவும் குடுத்தேன்.

ஒரு செகண்டுதான் பாத்தாரு. "இது எங்க டவுன்ஹால் இல்லியே. இது அதோட பணக்கார அண்ணன்."

வரிசையில நின்ன உள்ளூர் ஆளுக எட்டிப் பாத்துச் சிரிச்சாவ. ஒரு பொம்பள வலது பக்கத்தக் காட்டி, "இந்த ரூமுக்கு வாடகை எவ்வளவு?"ங்கா. கெத்து எறங்கிருச்சு. மார்லீன் மேடம் சொன்னது கரெக்ட்டு.

சரி, வந்ததுக்கு எடத்தையாவது ஒழுங்காப் பாப்போம்னு போர்டுகள வாசிச்சேன். ஒரு காலத்துல இது சந்தையாம். டச்சுல இன்னும் 'பெரிய சந்தை'னுதான் சொல்லுதாவ. பிரெஞ்சுல வெறும் 'பெரிய எடம்'. எங்க ஊர் மந்தை மாதிரினு வச்சுக்கோங்க. பஞ்சாயத்து, ஏவாரம், திருவிழா, தலைய வெட்டுறது எல்லாம் இங்கனதான் நடந்திருக்கு. டவுன்ஹாலுக்கு எதுத்தாப்புல ஒரு கட்டடம், பிரெஞ்சுல 'ராஜா வீடு', டச்சுல 'ரொட்டி வீடு'. ராஜா எவரும் அங்கன குடியிருந்ததில்ல. ரொட்டி நெசமாவே வித்திருக்காவ. டச்சுக்காரன் பக்கம்தான் நியாயம்.

மத்த வீடுகளுக்கு நம்பருக்குப் பதிலாப் பேருதான். அன்னம், நரி, சாக்கு, தள்ளுவண்டி. ஒவ்வொண்ணும் ஒரு தொழில் சங்கத்தோடது. ரொட்டி சுடுறவருக்கு ஒண்ணு, பீர் காய்ச்சுறவருக்கு ஒண்ணு, தையக்காரருக்கு ஒண்ணு. படகுக்காரங்க வீட்டு நெத்தியில கப்பலோட பின்பக்கத்தையே செதுக்கி வச்சிருக்காவ. எங்க ஊர்ல சமுதாயத்துக்கு ஒரு மஹால், இவியளுக்குத் தொழிலுக்கு ஒரு மஹால். எவன் மஹால் பெருசுங்கிற போட்டி மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

இதெல்லாம் பழசு மாதிரி தெரியும், ஆனா ஒருக்க எரிஞ்சு போனது. ஆயிரத்து அறுநூத்தி தொண்ணூத்தஞ்சுல பிரெஞ்சு பட்டாளம் ஊருக்கு வெளிய மேட்டுல நின்னு பீரங்கி அடிச்சிருக்கு. அவன் குறி வச்சதே அந்தக் கோபுரத்தத்தான். சுத்தி இருந்த வீடெல்லாம் பொசுங்கிருச்சு, குறி வச்ச கோபுரம் மட்டும் அப்படியே நின்னுச்சு. சங்கத்துக்காரங்க நாலஞ்சு வருசத்துலயே மறுபடி கட்டிட்டாவ. எவனும் இஷ்டத்துக்குக் கட்டக் கூடாது, முகப்பு பிளானக் காட்டி ஊர்ச் சபையில ஓகே வாங்கணும்னு ரூல் வேற.

எனக்குப் பாஞ்சாலங்குறிச்சி ஞாபகம் வந்துச்சு. அங்கயும் பீரங்கிதான். ஆனா வெள்ளக்காரன் கோட்டைய இடிச்சு, இருந்த தடமே தெரியக் கூடாதுன்னு தரையோட தரையாக்கிட்டான். ஸ்கூல் டூர்ல நாங்க பாத்த கோட்டை பிற்பாடு கவர்மெண்டு கட்டுனது. புளிசாதம் தின்னுட்டு, கோட்டை முன்னாடி குரூப் போட்டோ எடுத்துட்டு வந்தோம். பீரங்கி எங்கயும் பீரங்கிதான். அடிச்சவன் கெளம்பிப் போனானா, அங்கயே உக்காந்துட்டானாங்கிறதுலதான் இருக்கு விசயம்.

டவுன்ஹாலுக்கு இடதுபக்கம் ஒரு வளைவுக்குக் கீழ, ஊருக்காகச் செத்த ஒருத்தரோட வெண்கலச் சிலை படுத்தாப்புல இருக்கு. கையத் தடவுனா நெனச்சது நடக்குமாம். தடவித் தடவி கையி பளபளன்னு ஆயிருச்சு. நானும் ஆர்டர் கெடைக்கணும்னு தடவுனேன். ஒடனே மழை.

எங்க கரிசல்ல மழைனா ரெண்டு அடி நடந்தா செருப்புல நாலு கிலோ மண்ணு ஏறிரும். ஆனா வானம் பாத்த பூமி, மழைய எவனும் திட்ட மாட்டான். இங்கன சும்மா சும்மா பெய்யுது, ஊரே திட்டுது. நான் நனைஞ்சு, வளைவுக்குள்ள ஒதுங்கி, ஜீன்ஸ் பாக்கெட்ல கைய விட்டா பெட்டி கொழகொழன்னு ஆகி, பசை விட்டு, பிரிஞ்சு போய்க் கெடக்கு. உள்பெட்டி கூழாயிருச்சு. மேல்பெட்டி வெறும் அட்டையா விரிஞ்சிருச்சு. கை சும்மா இருக்க மாட்டாம அதைத் திரும்ப மடிச்சேன். பழைய மடிப்பு நனைஞ்சு மங்கிப் போச்சு, நான் குத்துமதிப்பாப் புது எடத்துல மடிச்சிருக்கேன். மடிச்சுட்டு அதைப் பாத்தேன். நிமிந்து டவுன்ஹாலப் பாத்தேன். மறுபடி பெட்டியப் பாத்தேன்.

ரெண்டும் ஒண்ணு.

மடிப்பு தள்ளிப் போனதுல, சரவணன் சேத்து ஒட்டுன வலது கையில பாதி பக்கவாட்டுக்குத் திரும்பிருச்சு. மருந்து பூசுற பக்கம் அது. அங்கன படம் இருந்தாலும் மருந்து மூடிரும். முன்னால கோபுரம் வலப்பக்கமா ஒதுங்கிருச்சு. இடது ஓரத்துல பழைய மருந்து கொஞ்சம் முன்னால வந்திருக்கு, மருந்து பூசாத ஷீட்டுல அங்கன வெறும் நீல வானம்தான் வரும். சரவணன் புண்ணியத்துல ஷீட் பூரா நீலம்தான்.

மேடம் கடைக்கு ஓடுனேன், அதுக்குள்ள அடைச்சிருந்துச்சு. மறுநாள் காலையில தொறக்கும்போதே போய் நின்னேன். ராத்திரி ஹோட்டல் ஹீட்டர் மேல காய வச்சு, நல்ல பெட்டி ரெண்ட வேற பிரிச்சு அதே மாதிரி மடிச்சுக் கொண்டு போயிருந்தேன். மேடம் கண்ணாடிய ஏத்திக்கிட்டு பாத்தாவ. எந்திரிச்சு சதுக்கத்துக்கே நடந்தாவ, நான் பின்னால ஓடுனேன். பெட்டியத் தூக்கிப் பிடிச்சாவ.

"ராத்திரியோட ராத்திரியா யாரு வரைஞ்சா?"

"மழை."

மேடம் மொத தடவையாச் சிரிச்சாவ. "எல்லாப் பெட்டியும் இப்படியே வரும்னா வாங்கிக்கிடுதேன்." பெட்டியத் திருப்பிப் பின்பக்கத்தப் பாத்தாவ. "கோவில்பட்ட்... இதுதான் உங்க ஊர் பேரா?"

நான் பெட்டிய வாங்கிப் பாத்தேன். முன்பக்கம் தள்ளுனா பின்பக்கமும் தள்ளும்ல. ஓரம் வரைக்கும் கொட்ட எழுத்துல போட்ட ஊர் பேருல கடைசியில இருக்க இங்கிலீஷ் ஐ எழுத்து பக்கவாட்டுக்குத் திரும்பிருச்சு, மருந்து பூசுனா மூடிரும்.

அங்கயே நின்னு மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். மாமா சாப்பிட்டு முடிச்சு ஆபீஸ் சேர்ல சாஞ்சிருந்தாவ, பின்னால மிஷின் சத்தம். கேமராவத் திருப்பி மொதல்ல கோபுரத்தக் காட்டுனேன்.

மாமா சேர்ல நிமிந்து உக்காந்தாவ. அப்புறம், "நெசமாவே கோணத்தான் நிக்குதாட்டி?"

"ஆமா மாமா."

"இதை வச்சிக்கிட்டா இந்தம்மா இவ்வளவு சீன் போடுது?"

மேடம் "என்ன சொல்றாரு?"ன்னு கேட்டாவ. "கட்டடம் ரொம்ப அழகா இருக்குங்காவ"ன்னேன்.

விசயத்தச் சொன்னேன். ரெண்டு நூல் தள்ளி வெட்டணும், அதாவது கால் இஞ்சு. மாமா மூஞ்சி மாறிருச்சு. "ஏட்டி, லேபிள் ஒதுங்கிருச்சுன்னு எத்தன பேரத் திட்டி வேலைய விட்டு ஓட்டிருக்கேன். இப்ப நானே போய் ஒதுக்கி வெட்டுன்னா எவன் மதிப்பான்?"

"என்ன சொல்றாரு?"

"வேலை சுத்தமா இருக்கணும்னு சொல்லுதாவ."

பின்பக்கத்தக் காட்டுனேன். மாமா போன மூக்குக்கிட்ட கொண்டு வந்து எழுத்துக் கூட்டி வாசிச்சாவ. கடைசி வரைக்கும் போய் நின்னுட்டாவ. "ஐ எங்கட்டி?"

"மருந்துக்கு அடியில மாமா."

"ஏஜென்ட் கையில ஒரு பெட்டி சிக்குனா போதும். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் பேரு கூட எழுதத் தெரியலன்னு பஜார் பூராச் சொல்லுவான்." சத்தம் கம்மியா இருந்துச்சு. மாமா சத்தம் கம்மியாப் பேசுனா நெசமாவே வலிக்குதுன்னு அர்த்தம்.

மேடத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படல. "அவருக்கு ஒரு கதை சொல்லு"ன்னாவ. "இந்தக் கோபுரம் நடுவுல இல்லன்னு கடைசியிலதான் கட்டுனவரு கவனிச்சாராம். அவமானம் தாங்காம மேல ஏறிக் குதிச்சுட்டாராம். கதைதான், நெசமில்ல. ரெண்டு பக்கமும் வேற வேற காலத்துல கட்டுனது. வலது பக்கம் ஒரு தெரு இருந்துச்சு, அதை விட்டுட்டுக் கட்டுனாங்க, அதான் சின்னதாப் போச்சு. ஆனா ஊர்ல எல்லாரும் குதிச்ச கதையத்தான் சொல்லுவாங்க."

இதை மட்டும் நான் மாத்தாம அப்படியே சொன்னேன்.

மாமா மறுபடி கோபுரத்தக் காட்டச் சொன்னாவ. காட்டுனேன். உச்சி வரைக்கும் காட்டுனேன்.

"அம்புட்டு ஒசரத்துல இருந்தா?"

"ஆமா மாமா."

"கிறுக்குப் பய." கொஞ்சம் கழிச்சு, "ஒரு எழுத்துக்கு நான் தண்ணி டேங்க் மேல ஏறவா முடியும்? சரக்கு வரும்னு அந்தம்மாட்ட சொல்லு. வெட்டிருவோம்."

போன கட் பண்ணத் தெரியாம அப்படியே மேசையில வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. ஸ்கிரீன்ல ஆபீஸ் தகரக் கூரையும் ஒரு ஃபேனும் மட்டும் தெரிஞ்சுது. நானும் மேடமும் சதுக்கத்து நடுவுல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தோம். தூரத்துல மாமா குரலு, மிஷின் சத்தத்துக்கு மேல:

"ஏலே, தள்ளி வெட்டுலே. ஆமா, ரெண்டு நூல் தள்ளி. வேணும்னேதான்லே. எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன், நீ வெட்டு."